சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: குழந்தைகளின் மூச்சுத் தொல்லையையும் இதயக் கோளாறையும் வீட்டிலேயே கண்டுகொள்ளும் முறை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனி இறங்கி, தருமபுரிப் பக்கம் களங்களில் கேழ்வரகு அடிக்கும் தூசியும் எழுந்துவிட்டால், குழந்தை இருமும் சத்தம் கேட்காத வீட்டைக் காண்பது அரிது. அந்த இருமல்களில் பெரும்பாலானவை வைரஸால் வரும் சாதாரணச் சளிதான். ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். எஞ்சிய சிலவற்றில்தான் நிமோனியாவும், ஆஸ்துமாவும், எப்போதாவது பிறவியிலேயே வந்த இதயக் கோளாறும் ஒளிந்திருக்கின்றன. பென்னாகரம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் கண்டது ஒன்றுதான்: பெற்றோர் காதை நம்புகிறார்கள். நெஞ்சில் ‘கரகர’வென்று சத்தம் கேட்டால் பதறி ஓடி வருகிறார்கள், சத்தமே இல்லாமல் மூச்சு வாங்கும் குழந்தையை ‘அசந்து தூங்குகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். மூக்கடைப்புச் சத்தம் வீட்டையே எழுப்பும், ஆனால் அதில் ஆபத்து குறைவு. நிமோனியா வந்த கைக்குழந்தையோ இருமாமலேகூடக் கிடக்கும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

மூச்சை எண்ணுவது

குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக மடியில் இருக்கும்போதோ, தூங்கும்போதோ, சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் மார்பும் வயிறும் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் ஒரு முறை எழுந்து இறங்கினால் ஒரு மூச்சு. கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு முழு நிமிடமும் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சரிப்படாது. கைக்குழந்தைகள் சில நொடிகள் விரைவாக மூச்சுவிட்டுச் சில நொடிகள் நிறுத்துவது இயல்பு என்பதால் கணக்கு பெரிதும் பிசகிவிடும். காய்ச்சல் அடிக்கும்போது எண்ணிக்கை ஏறும். சூடு தணிந்தபின் இன்னொரு முறை எண்ணிக்கொள்ளுங்கள்.

பிறந்து 2 மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இந்த எண்களைத்தான் நாங்களும் பணியில் பயன்படுத்தினோம். இருமலோடு வேகமான மூச்சும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம் என்று கருதி அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். போன முறை வாங்கி மிச்சம் வைத்த புட்டியைத் திறக்காதீர்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது விலா உள்வாங்குவது. ஒரு தை மாதக் காலையில் ஏழு மாதக் குழந்தை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். குல்லா, ஸ்வெட்டர், அதற்குள் ஃபிளானல் சட்டை, அதற்கும் உள்ளே வயிற்றைச் சுற்றி ஒரு துண்டு. முகம் தெளிவாகத்தான் இருந்தது. ‘ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்குச்சு’ என்று பாட்டி சொன்னார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்த பிறகு பார்த்தால், மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கடைசி விலா எலும்புக்குக் கீழே கட்டைவிரல் வைத்து அழுத்தியதுபோல் பள்ளம் விழுந்தது. எண்ணியபோது 64. இத்தனை துணிக்கு அடியில் அது எவர் கண்ணுக்கும் பட்டிருக்காது. குளிருக்குப் போர்த்துவது தவறில்லை. ஆனால் சளி பிடித்த நாள்களில் காலையும் மாலையும் ஒரு நிமிடம் அவிழ்த்துப் பார்ப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலா உள்வாங்குதல், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுதல், மூக்கு விடைத்து விடைத்து மூடுதல், பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், நாக்கும் ஈறும் நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், உடம்பு சில்லிட்டாலும், பால் குடிப்பது குறைந்தாலும் அதுவே போதுமான காரணம். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: இருட்டுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்திக்குள் கீழே இறங்கிவிடுவது, நடுச்சாமத்தில் வண்டி தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

சாதாரணச் சளிக்கு என்ன செய்யலாம்

மூச்சு சீராக இருந்து குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் வேலை குறைவுதான். மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு மூக்கிலும் விடலாம். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் அரைத் தேக்கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் நரம்பைத் தாக்கும் நச்சைக் கைக்குழந்தையின் குடலில் உண்டாக்கிவிடலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் வயதைப் பார்த்துக் கொடுப்பதல்ல, எடையைப் பார்த்துக் கொடுப்பது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளியில். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப்புக்கு உரிய 5 மில்லி மூடியில் சொட்டு மருந்தை நிரப்பிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். புட்டியின் முகப்பைப் படித்துவிட்டே ஊற்றுங்கள்.

கூடாதவை இதைவிட நீளமானவை. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் நம் பக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியேற வழியில்லாமல் தங்கி, ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் காட்டுவது இழுப்பு உள்ள குழந்தைக்கு நேரடியான தூண்டுதல். கொசுவர்த்திச் சுருளும் விறகடுப்புப் புகையும் பீடிப்புகையும் அதே வகைதான். கற்பூரத்தைக் கரைத்த எண்ணெயை நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். ஆவி பிடிக்க வைக்கிறோம் என்று கொதிநீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். இருமல் சிரப்பைப் பொறுத்தவரை, 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தியை அனைவரும் படித்தோம். கலப்படம் இல்லாத சிரப்பும் சிறு குழந்தையின் சளியை ஒரு நாள்கூட முன்னதாக ஆற்றுவதில்லை. மருத்துவர் எழுதாமல் கடையில் கேட்டு வாங்குவதை அடியோடு நிறுத்திவிடலாம்.

இழுப்பும் இன்ஹேலரும்

மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற சத்தம் வருவதைத்தான் இழுப்பு என்றும் இளைப்பு என்றும் வீசிங் என்றும் சொல்கிறோம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முறையாகச் சளியோடு இது வந்தால் பெரும்பாலும் மூச்சுச் சிறுகுழல்களில் வைரஸ் தொற்று. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடி, பிறகு மெல்லத் தணியும். ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. குழந்தை குடிக்கிறதா, விலா இழுக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே சிகிச்சையின் பெரும்பகுதி. திரும்பத் திரும்ப வருவது, இரவிலும் விடியற்காலையிலும் இருமுவது, ஓடி விளையாடினால் இருமல் கிளம்புவது, பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் ஆஸ்துமா என்று நினைக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காமல் எடையும் குறைந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால், அது வேறு வழக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

‘இன்ஹேலர் பழகிவிடும், கடைசி மருந்து அது’ என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் வரும், அதே மருந்தின் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது இருபது அழுத்தலுக்குச் சமம். சிரப் இரத்தம் முழுவதும் பரவி நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் தருகிறது. இன்ஹேலர் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகிறது.

குழந்தைக்கு இன்ஹேலரைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, அதன் வாயில் பொருத்தும் வெற்றுக் குழலான ஸ்பேசரோடுதான் கொடுக்க வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகி, சிறு குழந்தையானால் முகமூடியை மூக்கையும் வாயையும் மூடும்படி இடைவெளி இல்லாமல் பொருத்தி, ஒரே ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுக்கும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு மறுபடி குலுக்க வேண்டும். இரண்டு அழுத்தலையும் ஒரே தடவையில் கொடுத்தால் மருந்து குழலின் சுவரில்தான் ஒட்டும். ஸ்பேசரைச் சோப்புநீரில் அலசித் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். வாங்க வசதி இல்லாவிட்டால், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பாட்டில் வாயைக் குழந்தை தன் வாயில் கவ்விக்கொள்ளும்படி செய்தாலும், சொன்னதைக் கேட்கும் வயதுக் குழந்தைக்கு நன்றாகவே வேலை செய்யும்.

உடனடி நிவாரணத்துக்கு ஒன்று, அன்றாடத் தடுப்புக்கு ஒன்று என இரண்டு வகை உண்டு. ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலரை இழுப்பு இல்லாத நாளிலும் மருத்துவர் சொன்ன காலம் வரை விடாமல் எடுத்து, ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் தணியாமல், ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல் திணறினால் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். விசில் சத்தம் திடீரென்று அடங்கி, குழந்தையும் சோர்ந்துவிட்டால் ‘சத்தம் நின்றுவிட்டது, பரவாயில்லை’ என்று எண்ணாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்று பொருள்.

புளியங்கொட்டை

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாசி, பங்குனியில் திண்ணைதோறும் புளி உடைத்துக் கொட்டை நீக்கும் வேலை நடக்கும். தவழும் குழந்தை அருகிலேயே இருக்கும். புளியங்கொட்டையும் வேர்க்கடலையும் மூச்சுக்குழலுக்குள் போவதற்கு அளவெடுத்துச் செய்தவை போன்றவை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி இருமி, முகம் சிவந்து, சற்று நேரத்தில் அமைதியாகிவிட்டால், அந்த அமைதியை நம்பாதீர்கள். கொட்டை கீழே ஒரு பக்கத்து நுரையீரல் குழலில் தங்கியிருக்கலாம். அதன்பின் வாரக்கணக்கில் ஒரு பக்கம் மட்டும் இழுப்பும், தீராத நிமோனியாவும் வரும். எக்ஸ்ரேயில் கொட்டை தெரியாது. ஆகவே ‘புரையேறிய பிறகுதான் இருமல் தொடங்கியது’ என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குழாய் விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு அதிலிருந்துதான் வரும்.

அடைப்பு முழுதாகி இருமவோ அழவோ முடியாவிட்டால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டி, பிறகு மல்லாத்தி நடு நெஞ்சில் 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயது தாண்டியிருந்தால் முதுகில் 5 தட்டும், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்தும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும். பலமாக இருமிக்கொண்டிருந்தால் எதுவும் செய்யாமல் இருமவிடுங்கள்.

இதயத்தைப் பால் குடிக்கும்போது பார்ப்பது

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கும். அவற்றில் அதிகம் காணப்படுவது கீழறைகளுக்கு இடையிலான சுவரில் உள்ள ஓட்டை. பலவற்றில் நெஞ்சு சத்தமே எழுப்பாது. சளி, இருமல் என்ற பெயரில்தான் வந்து நிற்கும்.

என் அக்காள் பேரன் விஷயத்தில் நானே ஏமாந்தேன். மூன்று மாதத்துக்குள் மூன்று முறை சளி என்று ஒரு மருத்துவரிடம் காட்டி மூன்று முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கேட்டதற்கு நானும் ‘பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது குழந்தை பால் குடிப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். நான்கு முறை உறிஞ்சியதும் வாயை எடுத்து மூச்சு வாங்கியது, மறுபடி நான்கு, மறுபடி ஓய்வு. மின்விசிறிக்குக் கீழேயே நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. பிறந்தபோது 2.9 கிலோ இருந்த குழந்தை மூன்று மாதத்தில் 3.6 கிலோவைத் தாண்டவில்லை. முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன நான், சொந்த வீட்டுப் பிள்ளையின் எடை அட்டையைப் புரட்டிப் பார்க்கவில்லை. எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்ததில் இதயச் சுவரில் பெரிய ஓட்டை. காப்பீட்டுத் திட்டத்தில் ஐந்தாம் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது.

ஆகவே பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, விட்டு விட்டுக் குடித்து அரை மணிக்கு மேல் இழுப்பது, எடை ஏறாதது, அடிக்கடி நிமோனியா வருவது ஆகிய நான்கும் சேர்ந்து தெரிந்தால் எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும் என்பது உண்மை. பெரிய ஓட்டைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. தள்ளிப்போட்டால் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பின் அறுவை சிகிச்சையே செய்ய முடியாமல் போகும். எது சிறியது, எது பெரியது என்பதை எக்கோதான் சொல்லும், பாட்டி வைத்தியரோ நானோ அல்ல.

நீலம் பாய்வதைப் பார்க்கும்போது கை கால்களைப் பார்க்காதீர்கள். குளிரில் அவை யாருக்கும் நீலமாகும். நாக்கையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் மாநிறத்தில் உதட்டைவிட நாக்கே தெளிவாகக் காட்டும். ஃபாலோ நாற்கோளாறு என்ற, நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தை காலையில் எழுந்ததும், அழுததும், மலம் கழித்ததும் திடீரென்று கருநீலமாகி மூச்சு வாங்கும். நடக்கும் வயதில் விளையாட்டின் நடுவே குத்த வைத்து உட்காரும். அந்த நேரத்தில் குழந்தையைத் தோளில் சாய்த்து, இரு முழங்கால்களையும் மார்போடு மடக்கிப் பிடித்துக்கொண்டு, பதற்றப்படுத்தாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவர் ‘மர்மர் கேட்கிறது’, அதாவது இதயத் துடிப்போடு கூடுதலாக ஓர் இரைச்சல் கேட்கிறது என்றால் கலங்க வேண்டாம். நலமான குழந்தைகள் பலருக்கும் வளரும் பருவத்தில் தீங்கற்ற மர்மர் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளை நெஞ்சு வலிக்கிறது என்றாலும் பெரும்பாலும் தசைவலிதான். ஆனால் ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் எவரேனும் திடீரென இறந்திருந்தாலோ ஈ.சி.ஜி.யும் எக்கோவும் கட்டாயம். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பில் தடிப்பும் வந்தால் கவாசாகி நோயா என்று கேளுங்கள்; முதல் 10 நாளுக்குள் மருந்து ஏற்றினால் இதயத் தமனிகளைப் பெருமளவு காப்பாற்றலாம்.

தொண்டைவலியிலிருந்து வரும் இதயநோய்

5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தொண்டைவலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, இன்று முழங்கால், நாளை கணுக்கால், அடுத்த நாள் முழங்கை என மூட்டு மூட்டாக வலியும் வீக்கமும் தாவினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு முழுதாகச் சரியாகிவிடும். அதே நோய் இதய வால்வை விட்டுவைப்பதில்லை. மறுபடி வராமல் தடுக்க பென்சத்தீன் பென்சிலின் ஊசியை 21 நாளுக்கு ஒருமுறை, வால்வு பாதிப்புக்கு ஏற்பப் பல ஆண்டுகள் போட வேண்டும். ‘மாதம் ஒன்று’ என்று நினைவு வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்பது பத்து நாள் தவறும். 21 நாள் என்றால் அதே கிழமை மீண்டும் வரும் என்பதால், உங்கள் ஊர்ச் சந்தை நாளில் முதல் ஊசியைப் போட்டுவிட்டால் பிறகு மூன்றாவது சந்தைக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டால் போதும். நான் பார்த்தவர்களில் ஊசி தவறாத பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்கில் போட்டவர்களே.

எங்கே காட்டுவது

நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில். இதயக் குறை உள்ள குழந்தைக்கு இவற்றைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத்திட்டக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு பாதி வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்து மக்குகிறது. அந்தச் சீட்டோடு மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் போனால், எக்கோவுக்கும், தேவைப்பட்டால் காப்பீட்டில் அறுவை சிகிச்சைக்கும் வழிகாட்டுவார்கள். தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ முதலிலேயே ஓட வேண்டியதில்லை.

புறப்படும்முன் சட்டையைத் தூக்கிவிட்டு மார்பு அசைவதை அரை நிமிடம் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை போய்ச் சேரும்போது குழந்தை அழுதுகொண்டிருந்தால் மருத்துவருக்கு அந்தப் படமே உதவும். 108-ஐ அழைத்துவிட்டு வண்டி வரும் வரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி வைத்திருங்கள். ‘வழியில் பசிக்குமே’ என்று மூச்சு வாங்கும் குழந்தைக்குப் பால் புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். தடுப்பூசி அட்டை, எடை அட்டை, இதுவரை கொடுத்த மருந்துப் புட்டிகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.